வெனிஸ் நகரில் இரண்டு இரவுகள்: இத்தாலித் திருப்பயணம் செல்லும் நம் மக்களுக்கு



2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள், வத்திக்கான் புனித பேதுரு சதுக்கத்தில், திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் நம் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார். அந்தத் திருப்பலியில் பங்கேற்க நம் மாவட்டத்திலிருந்து பலர் உரோமைக்குச் சென்றார்கள். பத்மநாபபுரத்தில் அரசுப் பணி செய்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752-இல் காற்றாடிமலையில் உயிர் கொடுத்த ஒருவரின் பெயர் அங்கே வாசிக்கப்பட்டதைக் கேட்டவர்களுக்கு இத்தாலி இனி தூரத்து நாடு அல்ல. போய்வந்தவர்கள் சொல்லச் சொல்ல மற்றவர்களுக்கும் ஆவல் வருகிறது. இலத்தீன், சீரோ மலபார், சீரோ மலங்கரை என மூன்று வழிபாட்டு முறைகளைச் சார்ந்த இறைமக்களும் வாழும் இந்தத் தக்கலை வட்டாரத்தில், எந்தப் பங்கில் கேட்டாலும் ஒரு திருப்பயணக் குழுவைப் பற்றிய பேச்சு இருக்கிறது. வளைகுடாவில் உழைக்கும் பிள்ளைகள் பெற்றோரை அனுப்பிவைக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பணிக்கொடையிலிருந்து ஒரு பகுதியை எடுத்து வைக்கிறார்கள். ரப்பர் பால் விற்ற காசைச் சீட்டுப் போட்டுச் சேர்ப்பவர்களும் உண்டு.

இப்படிச் சேர்த்த பணத்தில் செல்லும் பயணம் என்பதால்தான் இதை எழுதுகிறேன். பயண ஏற்பாட்டாளர்கள் தரும் அட்டவணைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். உரோமை, அசிசி, பதுவை அந்தோனியார் பேராலயம், அதன்பின் ஒரு வரி: "வெனிஸ் நகரைச் சுற்றிப்பார்த்தல்." அந்த ஒரு வரிக்குள் நடப்பது என்ன? காலையில் பேருந்திலிருந்து இறக்கி, படகில் ஏற்றி, மாற்கு சதுக்கத்தில் விட்டு, மூன்று மணி நேரத்தில் திரும்பி வரச் சொல்வார்கள். புறாவோடு ஒரு படம், பாலத்தில் ஒரு படம், கண்ணாடிப் பொருள் கடையில் அரை மணி நேரம். ஊருக்கு வந்தபின் "தண்ணீருக்குள்ள ஊரு" என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இராது.

அந்த மூன்று மணி நேரத்தை நீக்கிவிட்டு பதுவையிலேயே அமைதியாக ஒரு நாள் இருங்கள். இல்லையென்றால் வெனிசுக்கு இரண்டு இரவுகள் ஒதுக்குங்கள். இதுதான் என் கருத்து. இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். காரணம் அந்த நகரின் அழகு மட்டும் அல்ல. நம் கடற்கரை மக்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர் குருவானது அங்கேதான்.

நம் கோட்டாற்றுச் சவேரியார் வெனிசில்

கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தை அறியாதவர் நம் மாவட்டத்தில் இல்லை. புனித தேவசகாயத்தின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் சவேரியார் கோவாவுக்கு வருவதற்கு முன் எங்கே இருந்தார் என்று கேட்டால், பாரிஸ் பல்கலைக்கழகம், இஞ்ஞாசியார் என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்வார்கள். இடையில் வெனிஸ் இருக்கிறது.

1534 ஆகஸ்ட் 15 அன்று பாரிசில் இஞ்ஞாசியாரும் சவேரியாரும் தோழர்களும் ஒரு வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். எருசலேமுக்குத் திருப்பயணம் போவது. ஓராண்டுக் காலத்துக்குள் அது இயலாமற் போனால் திருத்தந்தையிடம் சென்று அவர் அனுப்பும் இடத்துக்குப் போவது. எருசலேமுக்குக் கப்பல் ஏற வேண்டிய துறைமுகம் வெனிஸ். இஞ்ஞாசியார் முன்னதாகவே அங்கே வந்துவிட்டார். மற்றவர்கள் 1536 நவம்பரில் பாரிசை விட்டு, குளிரிலும் பனியிலும் கால்நடையாகவே நடந்து, 1537 ஜனவரி 8-இல் வெனிஸ் சேர்ந்தார்கள்.

கப்பலுக்குக் காத்திருந்த நாள்களில் அவர்கள் ஊர் சுற்றிப்பார்க்கவில்லை. இரண்டு மருத்துவமனைகளில் பிரிந்து வேலை செய்தார்கள். சவேரியாருக்குக் கிடைத்தது "இன்குராபிலி" என்னும் மருத்துவமனை. குணமாக்க முடியாதவர்கள் என்று அந்தப் பெயருக்குப் பொருள். அருவருப்பான தோல் நோய்களோடு, வீட்டாரும் ஒதுக்கிவிட்டவர்கள் அங்கே கிடந்தார்கள். சவேரியார் படுக்கை விரித்தார், தரை கழுவினார், புண்களைத் துடைத்தார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். ஒரு நோயாளியின் புண்ணைக் கண்டு ஏற்பட்ட குமட்டலை வெல்ல அவர் செய்த செயலைப் பற்றித் தோழர் எழுதி வைத்திருப்பதைச் சாப்பிடும் நேரத்தில் வாசிக்க முடியாது. பிரபு குடும்பத்தில் பிறந்தவர், பாரிசில் தத்துவம் போதித்தவர் அவர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே 1537 ஜூன் 24, புனித திருமுழுக்கு யோவான் பெருவிழா அன்று, வெனிஸ் நகரில் இஞ்ஞாசியாரும் சவேரியாரும் குருக்களாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்கள்.

கப்பலோ வரவில்லை. அந்த ஆண்டு வெனிஸ் அரசுக்கும் துருக்கியருக்கும் போர் மூண்டதால் எருசலேமுக்குப் பயணிகள் கப்பல் புறப்படவே இல்லை. காத்திருந்தார்கள், பலனில்லை. வார்த்தைப்பாட்டின்படி திருத்தந்தையிடம் போனார்கள். பிறகு போர்த்துகல் அரசர் இந்தியாவுக்குக் குருக்களைக் கேட்டபோது, புறப்பட வேண்டியவராகப் பெயர் குறிக்கப்பட்டவர் சவேரியார் அல்லர். பொபதில்லா என்னும் தோழர். அவர் நோயுற்றார். 1540 மார்ச்சில், ஒரு நாள் இடைவெளியில், அவருக்குப் பதிலாகச் சவேரியார் கிளம்பினார். 1542 மே 6-இல் கோவா. 1544-இன் இறுதியில் நம் திருவிதாங்கூர் கடற்கரை. ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கடலோர மக்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாக அவரே 1545 ஜனவரியில் உரோமைக்குக் கடிதம் எழுதினார்.

புனித பவுல் பித்தினியாவுக்குப் போகத் திட்டமிட்டார், தூய ஆவியார் விடவில்லை, மாசிதோனியாவுக்குப் போனார் என்று திருத்தூதர் பணிகள் 16-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோமே, அதுபோன்ற நிகழ்ச்சி இது. வெனிசிலிருந்து அந்தக் கப்பல் நேரத்துக்குப் புறப்பட்டிருந்தால் கோட்டாற்றில் வேறொரு வரலாறு எழுதப்பட்டிருக்கும். இது தெரிந்து அந்த நகரின் படகுத்துறையில் நிற்பவருக்கும், தெரியாமல் நிற்பவருக்கும் வேறுபாடு உண்டு அல்லவா?

புறப்படும் முன்

எந்தப் பருவத்தில் போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயிலும் கூட்டமும் அதிகம், அறைவாடகையும் அதிகம். அக்டோபர் முதல் ஜனவரி வரை கடல்நீர் உயர்ந்து தெருக்களுக்குள் வருவதுண்டு. 2019 நவம்பர் 12 அன்று நீர் 187 சென்டிமீட்டர் உயர்ந்து மாற்கு பேராலயத்துக்குள்ளும் புகுந்தது. 2020 அக்டோபர் முதல் கடல் வாயில்களில் தடுப்புக் கதவுகளை எழுப்பிப் பெரிய வெள்ளத்தைத் தடுக்கிறார்கள். சுனாமியையும் ஒக்கிப் புயலையும் கண்ட நம் மக்களுக்குக் கடலோடு வாழ்வது என்ன என்று சொல்லித் தர வேண்டியதில்லை. ஏப்ரல், மே, செப்டம்பர் நல்லவை.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி மாதம் வரை காத்திருக்காதீர்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

தங்குமிடம் பற்றிக் கவனமாக இருங்கள். தீவுக்குள் அறை விலை அதிகம். ரயிலில் சுமார் பத்து நிமிடத் தூரத்தில், தரைப்பகுதியில் மெஸ்த்ரே என்னும் ஊர் இருக்கிறது. அங்கே விலை குறைவு. நடக்க முடிகிறவர்கள், குடும்பமாகச் செல்பவர்கள், தீவுக்குள்ளேயே தங்குவது நல்லது என்பேன். பகல் கூட்டம் போனபின் இரவு எட்டு மணிக்கும், மறுநாள் காலை ஆறரை மணிக்கும் அந்த நகரம் வேறு நகரம். ஆனால் வெனிசில் கார், ஆட்டோ, பேருந்து ஒன்றும் கிடையாது. 118 சிறு தீவுகள். நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள். பாலத்துக்குப் பாலம் படிகள். இருபது கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மூட்டுவலியோடு, இந்தப் படிகளில் ஏறி இறங்கும் அம்மாமார்களை நினைத்தால் எனக்குக் கலக்கமாக இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் மெஸ்த்ரேயில் பெட்டியை வைத்துவிட்டு ஒரு தோள்பையோடு வரட்டும். பெரிய பையோடு மாற்கு பேராலயத்துக்குள் விடவும் மாட்டார்கள்.

இன்னொரு புதிய ஏற்பாட்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 ஏப்ரல் 25, புனித மாற்கு திருவிழா நாள் முதல், இரவு தங்காமல் பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம், குறிப்பிட்ட சில நாள்களில், நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். முதலில் 5 யூரோ. 2025-இல் நாள்களைக் கூட்டி, கடைசி நேரத்தில் பதிவு செய்பவர்களுக்கு 10 யூரோ ஆக்கினார்கள். மெஸ்த்ரே வெனிஸ் நகராட்சிக்குள் இருப்பதால் அங்கே தங்குபவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை. விலக்கை மட்டும் இணையதளத்தில் பதிய வேண்டும். பதுவையில் தங்கிப் பகலில் வந்துபோகும் நம் குழுக்கள்தான் கட்டணம் கட்ட நேரிடும். நீங்கள் போகும் தேதிக்கு இது பொருந்துமா என்று நகராட்சியின் இணையதளத்தில் முன்கூட்டியே பாருங்கள்.

சிலர் இதைக் கேட்டுக் கோபப்படுவார்கள். அந்த ஊர்க்காரர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் அந்தப் பழைய நகரத்தில் ஒன்றே முக்கால் இலட்சம் பேர் வாழ்ந்தார்கள். 2022-இல் அந்த எண்ணிக்கை ஐம்பதாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. வீடுகள் விடுதிகளாகின்றன, மளிகைக் கடைகள் நினைவுப் பொருள் கடைகளாகின்றன, இளைஞர்கள் வெளியேறுகிறார்கள். மக்கள் இல்லாத ஊரில் பங்குத் திருப்பலிக்கு யார் வருவார்? கன்னியாகுமரியில் சூரியன் உதிப்பதைப் பார்க்க வந்து குப்பையைப் போட்டுவிட்டுப் போகிறவர்களைக் குறித்து நாம் முணுமுணுப்பதில்லையா?

குழுவாகச் செல்பவர்களுக்கு இன்னொன்று: 2024 முதல் வழிகாட்டியுடன் செல்லும் குழுக்களில் 25 பேருக்கு மேல் இருக்கக்கூடாது, ஒலிபெருக்கியும் கூடாது. நாற்பது பேர் கொண்ட குழுவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். செபமாலை சொல்லிக்கொண்டே தெருவில் நடக்கும் நம் வழக்கத்தைச் சற்றுத் தாழ்ந்த குரலில் வைத்துக்கொண்டால் போதும்.

முதல் நாள்: ரயிலடியில் ஒரு புனிதை

பதுவையிலிருந்து ரயிலில் ஏறினால் அரை மணி நேரம், சற்றே கூடலாம். கடல்மேல் செல்லும் நீண்ட பாலத்தைத் தாண்டி இறங்கும் நிலையத்தின் பெயரே "சாந்தா லூசியா". புனித லூசியா! கண் நோய்க்காக நாம் மன்றாடும் அந்தப் புனிதையின் பெயரில் அங்கே ஒரு கோவில் இருந்தது. ரயில் நிலையம் கட்டுவதற்காக 1860-களில் அதை இடித்துவிட்டார்கள். புனிதையின் உடலை அருகிலுள்ள சான் ஜெரேமியா கோவிலுக்கு மாற்றினார்கள். நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. 1955-இல், அப்போது வெனிஸ் மறைமுதுவராக இருந்த கர்தினால் ரொன்காலி, அதாவது பின்னாளில் திருத்தந்தை புனித இருபத்துமூன்றாம் யோவான், புனிதையின் முகத்துக்கு ஒரு வெள்ளி முகமூடி செய்து வைத்தார். 1981-இல் அந்த உடலைத் திருடிக்கொண்டே போய்விட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில், திருவிழாக் காலத்திலேயே, காவல்துறை மீட்டுக் கொடுத்தது. வந்த களைப்பில் முதலில் செய்ய வேண்டியது இங்கே போய்ப் பத்து நிமிடம் உட்காருவது. ஊரில் கண்புரை அறுவைக்குக் காத்திருப்பவர்களின் பெயர்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

வெனிஸ் மறைமுதுவர்களாயிருந்து திருத்தந்தையரானவர்கள் 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் மூவர். புனித பத்தாம் பயஸ், புனித இருபத்துமூன்றாம் யோவான், 2022 செப்டம்பரில் அருளாளராக உயர்த்தப்பட்ட முதலாம் யோவான் பவுல். பத்தாம் பயஸ் 1903-இல் திருத்தந்தைத் தேர்தலுக்கு உரோமைக்குப் போகும்போது திரும்பி வருவதற்கும் சேர்த்தே ரயில் சீட்டு வாங்கியிருந்தார் என்பார்கள். திரும்பி வரவே இல்லை.

அன்று மாலை படகில் ஏறுங்கள். "வப்பொரெத்தோ" என்பது அந்த ஊரின் டவுன் பஸ். ஒரு முறைக்கான சீட்டு 9.50 யூரோ, 75 நிமிடங்களுக்குச் செல்லும். இரண்டு நாள் சீட்டு 35 யூரோ. இரண்டு நாள் தங்குபவர்களுக்குப் பின்னதே இலாபம். முதலாம் எண் படகு பெருங்கால்வாய் முழுவதும் நின்று நின்று போகும். கொண்டோலா என்னும் அலங்காரப் படகில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. ஐந்து பேர் பகிர்ந்துகொள்ளலாம். ஆசை இருந்தால் ஏறுங்கள், குற்றமில்லை. அதே மாதிரிப் படகில் 2 யூரோவுக்குக் கால்வாயின் இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கடத்துவார்கள், நம் ஊர் கடத்து வள்ளம் போல. எனக்கு அதுதான் பிடிக்கும்.

இரண்டாம் நாள் காலை: மாற்குவும் மிளகும்

விடிகாலையில் மாற்கு சதுக்கத்துக்கு வாருங்கள். கூட்டம் பத்து மணிக்குத்தான் தொடங்கும். நற்செய்தியாளர் மாற்குவின் உடல் 828-இல் அலெக்சாந்திரியாவிலிருந்து கொண்டுவரப்பட்டது என்பது வெனிஸ் மரபு. இப்போதுள்ள பேராலயம் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கொன்ஸ்தாந்திநோபிளின் கோவில்களைப் பின்பற்றிச் சிலுவை வடிவில், ஐந்து குவிமாடங்களோடு கட்டியிருக்கிறார்கள். உள்ளே சுவர் எங்கும் பொன்னிறச் சிறுகற்களால் பதித்த விவிலியக் காட்சிகள். கீழைத் திருஅவை மரபில் வளர்ந்த நம் சகோதரர்களுக்கு இது சொந்த வீட்டுக்குள் நுழைவது போலிருக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத மீனவரும் அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்து மறைக்கல்வி படித்திருப்பார்.

சுற்றிப்பார்க்க வருபவர்களுக்கு நுழைவுச் சீட்டு உண்டு. திருப்பலிக்கும் செபத்துக்கும் வருபவர்களுக்கு வடபுறத்தில் தனி வாயில் உண்டு, கட்டணம் இல்லை. அங்கே சீட்டு வாங்கி வரிசையில் நிற்பதற்கு முன், திருப்பலி நேரத்தைக் கேட்டு உள்ளே போங்கள். ஆனால் திருப்பலிக்கு என்று சொல்லி உள்ளே போய், பாதியில் எழுந்து கைப்பேசியில் படம் எடுப்பது வேண்டாம். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். சேலைக்கும் வேட்டிக்கும் எந்தத் தடையும் இல்லை.

ஆட்சித் தலைவரின் அரண்மனை பக்கத்திலேயே இருக்கிறது. ஓவியத்தில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு அரை நாள் வேண்டும். மற்றவர்கள் வெளியிலிருந்து பார்த்தால் போதும். (தக்கலையில் வாழ்ந்தும் பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலையை உள்ளே போய்ப் பார்க்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்! திங்கட்கிழமை தவிர மற்ற நாள்களில் திறந்திருக்கிறது.)

சதுக்கத்தின் மறுகோடியில் உள்ள கொரேர் அருங்காட்சியகத்தில் பழைய வெனிஸ் நாணயங்கள் உள்ளன. அவற்றுள் பொற்காசு நம் நாட்டிலும் புழங்கியது. அதில் மாற்கு நின்று கொடி கொடுப்பார், ஆட்சித் தலைவர் முன்னால் முழங்காலிட்டு அதை வாங்குவார், நடுவில் கொடிக்கம்பம். நம் முன்னோர்கள் அதைப் பார்த்தபோது, கம்பம் பனைமரமாகத் தெரிந்தது, முழங்காலிட்டவர் பனையேற ஆயத்தமாகிறவராகத் தெரிந்தார். பனையேறுபவரின் காசு என்ற பொருளில் அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். நம் பனங்காட்டுக் கண்ணுக்கு வேறெப்படித் தெரியும்?

அந்தக் காசு இங்கே வந்தது மிளகுக்காக. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மிளகு அரபிக் கடலும் செங்கடலும் கடந்து, அலெக்சாந்திரியா வழியாக வெனிசின் ரியால்தோ சந்தைக்குப் போனது. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்குக் கடல்வழி கண்டபின்தான் வெனிசின் பிடி தளரத் தொடங்கியது. வெனிஸ்காரராகிய மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நம் கரையோரம் வந்து, குமரியைப் பற்றியும் புனித தோமாவின் கல்லறையைப் பற்றியும் எழுதிவிட்டுப் போனார். ரியால்தோ பாலத்துக்குப் பக்கத்தில் சந்தை நடுவே சான் ஜாக்கொமோ என்னும் சிறு கோவில் இருக்கிறது. அதன் பின்புறச் சுவரில் இலத்தீனில் ஒரு கல்வெட்டு: இந்தக் கோவிலைச் சுற்றி நடக்கும் வியாபாரம் நேர்மையாக இருக்கட்டும், எடை குறையாதிருக்கட்டும், ஒப்பந்தத்தில் வஞ்சகம் வேண்டாம் என்பது அதன் கருத்து. நம் மலையில் பறித்த மிளகும் அந்தத் தராசில் ஏறியிருக்கும்.

இரண்டாம் நாள் மாலை: ஸாத்தெரே

மாலையை ஸாத்தெரே என்னும் தெற்குக் கரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அகன்ற நீர்ப்பரப்பை ஒட்டி நீண்ட நடைபாதை. படிகள் குறைவு, உட்கார இடம் உண்டு. முதியோருக்கு ஏற்ற இடம். அங்கேதான் நான் முன்பு சொன்ன இன்குராபிலி மருத்துவமனைக் கட்டடம் நிற்கிறது. இப்போது அது நுண்கலைக் கல்லூரி. முற்றத்தில் இருந்த கோவில் 19-ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. சவேரியாரின் திருப்பண்டமோ பீடமோ தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். ஒரு நீண்ட சுவர், ஒரு வாயில், போய்வரும் மாணவர்கள். எந்தச் சுற்றுலா அட்டவணையிலும் இந்த இடம் இராது. வழிகாட்டியிடம் கேட்டால் "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்பார்.

அந்தச் சுவரோரம் குழுவாக நின்று கோட்டாற்றுச் சவேரியார் செபத்தைத் தமிழில் சொல்லுங்கள். உங்கள் வீட்டில், உங்கள் அன்பியத்தில், மருத்துவர்கள் கைவிரித்தவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள். தக்கலையில் வயதான தாயையோ தந்தையையோ யார் பொறுப்பிலாவது விட்டுவிட்டு வந்தவர்கள், அன்றிரவு அவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்யுங்கள்.

சற்றுத் தள்ளி, அதே கரையில், செபமாலை அன்னை கோவில் இருக்கிறது. கூரையில் தியெப்போலோ வரைந்த ஓவியம்: புனித தோமினிக் செபமாலையை மக்களுக்கு வழங்குகிறார். ஐம்பத்து மூன்று மணியை அந்தக் கூரைக்குக் கீழ் முடித்துவிட்டு, கரையோரமாகவே கிழக்கே நடந்தால் சலூத்தே பேராலயம், நம் மொழியில் ஆரோக்கிய அன்னை. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்கு இந்தப் பெயரின் பொருளை விளக்க வேண்டுமா? 1630-இல் வந்த கொள்ளைநோயில் நகரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இறந்தார்கள். நோய் நீங்கினால் அன்னைக்குக் கோவில் கட்டுவதாக ஆட்சி மன்றமே நேர்ந்துகொண்டது. 1631-இல் தொடங்கி 1687-இல் கட்டி முடித்தார்கள். கப்பலில் வந்தவர்களை நாற்பது நாள் தனித்து வைத்த அவர்களது வழக்கத்திலிருந்துதான் "குவாரண்டைன்" என்ற சொல்லே வந்தது. 2020-இல் நம் கோவில்களைப் பூட்டியபோது அந்தச் சொல்லை நாமும் கற்றுக்கொண்டோம்.

மூன்றாம் நாள் காலையில் நேரமிருப்பவர்கள் தோர்செல்லோ தீவுக்குப் போகலாம். பழைய பேராலயத்தில் இறுதித் தீர்வைக் காட்சி சுவர் முழுவதும் இருக்கிறது. படகுப் பயணமே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் எல்லாருக்கும் அவசியமில்லை. அதைவிட, மிலான் பக்கம் செல்லும் ரயிலில் விசென்சா நகரில் இறங்கினால் இன்னொரு சவேரியார் இடம் கிடைக்கும். குருவான பின் நாற்பது நாள் தனிமையில் செபித்து, அதன்பிறகு 1537-இன் இலையுதிர் காலத்தில் தம் முதல் திருப்பலியை அவர் ஒப்புக்கொடுத்தது அந்த நகரில்தான்.

குழுவோடு வரும் அருள்பணியாளர்கள் தங்கள் ஆயரிடமிருந்து குருவுக்கான அடையாளச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோக வேண்டும். திருப்பலிக்கு இடம் வேண்டுமானால் அந்தந்தக் கோவிலுக்குச் சில வாரங்கள் முன்பே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். படகில் கூட்டத்துக்குள் நிற்கும்போது கைப்பையை முன்பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைப் பெட்டியில் போடாமல் தோள்பையில் வையுங்கள்.

கூட்டம் குறைவாக வேண்டும், குளிரும் தண்ணீரும் பரவாயில்லை என்பவர்களுக்கு நவம்பரும் ஒரு வழி. நவம்பர் 21 ஆரோக்கிய அன்னையின் நாள். அன்று பெருங்கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் அமைக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளைவிட ஊர்மக்களே அதிகமாக, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டும் முதியவர்களைத் தாங்கிக்கொண்டும், அதன் வழியே நடந்து போய் அன்னைக்கு மெழுகுதிரி ஏற்றுவார்கள். மறுநாள் விமானம் ஏறினால் கோட்டாற்றுச் சவேரியார் திருவிழாவின் கொடியேற்றத்துக்கு ஊர் வந்து சேர்ந்துவிடலாம்.